கார்ட்டூன் படமும் நண்பர்களின் வழக்கும்

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கார்ட்டூன் படம் பார்த்தால், படம் முடிந்ததும் விவாதம் தொடங்கிவிடும். "அசைவு வழவழவென்று இருக்கிறது" என்பார் ஒருவர். "எனக்கென்னவோ வெட்டி வெட்டி இழுப்பது போல் தெரிந்தது" என்பார் இன்னொருவர். "அந்த அரக்கன் நடக்கும்போது கனமே இல்லை, அட்டைப் பொம்மை நடப்பது போல் இருக்கிறது" என்று மூன்றாமவர் சேர்ந்துகொள்வார். கதை, பாட்டு, வண்ணம் இவற்றைப் பற்றிய பேச்சு எப்படியோ ஒரு முடிவுக்கு வந்துவிடும். அசைவைப் பற்றிய வழக்கு மட்டும் தீராது. "உன் கண்ணுக்கு அப்படி, என் கண்ணுக்கு இப்படி" என்று கலைந்து போவார்கள்.

ஆனால் வழவழப்பு, வெட்டு, கனம் என்ற இந்த மூன்றும் வெறும் ரசனைச் சொற்கள் அல்ல. ஒரு கணிப்பொறியும் ஓர் அளவுகோலும் இருந்தால் மூன்றையும் அளந்து பார்த்துவிடலாம். மேல்நிலை வகுப்பில் படிக்கும் இயக்கவியல் இதற்குப் போதும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. திரையில் அசைவு என்று எதுவும் கிடையாது. பேசும் படங்கள் வந்த 1920-களின் இறுதியிலிருந்து திரைப்படத்தில் விநாடிக்கு 24 பிரேம்கள் என்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு பிரேமும் ஓர் அசையாப் படம். பிலிம் ஓடும் புரொஜெக்டரில் ஒவ்வொரு பிரேமும் திரையில் நிற்கும்போது, சுழலும் மறைப்புத் தகடு ஒன்று ஒளியை மறைத்து மறைத்து அதே படத்தை இரண்டு அல்லது மூன்று முறை காட்டும். ஆக விநாடிக்கு 48 அல்லது 72 ஒளித்துடிப்புகள். இப்படிச் செய்யாவிட்டால் திரை மினுக்மினுக்கென்று துடித்துக் கண்ணை உறுத்தும்.

அப்படியானால் அசைவு எங்கிருந்து வருகிறது? "பார்வை நிலைப்பு" என்று பல புத்தகங்கள் விடை சொல்கின்றன. விழித்திரையில் விழுந்த பிம்பம் சிறிது நேரம் நிலைத்து நிற்கிறது, அதற்குள் அடுத்த பிம்பம் வந்து சேர்கிறது, ஆகவே அசைவு தெரிகிறது என்பது அந்த விளக்கம். வகுப்பில் இதை ஒப்பிக்கும் மாணவனிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. திரையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் ஒரு பந்து போகிறது. முந்தைய பிம்பங்கள் அழியாமல் நின்றால் நமக்கு என்ன தெரிய வேண்டும்? சரம் கோத்தாற் போல் வரிசையாகப் பல பந்துகள் அல்லவா தெரிய வேண்டும்! ஆனால் தெரிவதோ ஒரே பந்து, அதுவும் ஓடுகின்ற பந்து. பார்வை நிலைப்பு, ஒளி துடிக்காமல் இருப்பதற்குக் காரணம் சொல்லும். அசைவுக்குக் காரணம் சொல்லாது.

இதற்கு வழிகாட்டிய சோதனையை ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியல் அறிஞர் செய்து 1912-இல் வெளியிட்டார். சோதனை மிக எளியது. அருகருகே இரண்டு கோடுகள். முதலில் ஒன்றைக் காட்டி மறைத்துவிட்டுப் பிறகு மற்றதைக் காட்டுவது, அவ்வளவுதான். இடைவெளி சுமார் 200 மில்லி விநாடியாக இருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக இரு கோடுகள் தெரிந்தன. சுமார் 30 மில்லி விநாடியாகக் குறைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நிற்பதாகத் தோன்றியது. இடையே 60 மில்லி விநாடி அளவில் வைத்தபோதுதான் வேடிக்கை. ஒரே கோடு அங்கிருந்து இங்கே நகர்ந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நகர்ந்த கோடு எதுவும் அங்கே இல்லை. அந்த நகர்வை உண்டாக்கியது பார்ப்பவரின் மூளை.

இனி நண்பர்களின் முதல் வழக்குக்கு வருவோம். விநாடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு சுமார் 42 மில்லி விநாடி. ஆனால் 24 பிரேமுக்கும் 24 ஓவியம் வரைந்தால் ஓவியரின் கை ஓய்ந்துவிடும். 1937-இல் வெளிவந்த டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படம் 83 நிமிடம் ஓடுகிறது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,20,000 பிரேம்கள்! ஆகையால் ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி வைக்கும் முறை தொழிலில் நிலைபெற்றது. அப்போது விநாடிக்கு 12 ஓவியம் போதும். ஒவ்வொன்றும் 83 மில்லி விநாடி நிற்கும். வேகமாக ஓடும், குதிக்கும் இடங்களில் மட்டும் பிரேமுக்கு ஓர் ஓவியம் வரைவார்கள். ஜப்பானில் ஓசாமு தெசுகா 1963 ஜனவரியில் 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கியபோது வாரம் ஓர் அத்தியாயம் தர வேண்டியிருந்தது. பணமும் குறைவு, ஆட்களும் குறைவு. ஓர் ஓவியத்தை மூன்று பிரேம் வரை நிறுத்தினார்கள். முகம் அசையாமல் நிற்க, வாயை மட்டும் அசைத்தார்கள். ஒருமுறை வரைந்த பறக்கும் காட்சியைச் சேர்த்து வைத்து வேறு அத்தியாயங்களிலும் பயன்படுத்தினார்கள். ஜப்பானியத் தொடர்களில் "வெட்டு" தெரிகிறது என்று நண்பர் சொன்னால் அவர் கண்ணில் கோளாறு இல்லை. 125 மில்லி விநாடி நிற்கும் ஓவியங்களை அவர் பார்க்கிறார்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நேரம் மட்டுமன்று, அடுத்தடுத்த ஓவியங்களுக்கு இடையே பொருள் தாவும் தூரமும் முக்கியம். மெதுவாகத் தலையாட்டும் தாத்தாவுக்கு 12 ஓவியம் தாராளம். திரையைக் குறுக்கே கடக்கும் குதிரைக்கு அது போதாது. மூளையால் இணைக்க முடியாத அளவுக்குத் தாவல் பெரிதாகிவிடும். உண்மையான காமிரா என்றால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்துவிடும். ஒரு பிரேமுக்கு 1/48 விநாடி ஒளி விழுகிறது என்று கொள்வோம். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுபவன் அந்த நேரத்தில் சுமார் 21 செ.மீ. நகர்ந்துவிடுவான். ஆகவே பிம்பம் அந்த அளவுக்கு இழுபட்டு மங்கலாகப் பதியும். அந்த இழுபடல் தாவலை நிரப்பிவிடும். ஓவியத்தில் யாராவது வரைந்தாலொழிய இழுபடல் கிடையாது.

வெட்டைக் குறை என்றுதான் நாம் நினைப்போம். 2018-இல் வெளிவந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' இந்த எண்ணத்தை மாற்றுகிறது. அது முழுக்க முழுக்கக் கணிப்பொறியில் செய்த படம். கணிப்பொறிக்கு 24 என்ன, 48 என்ன? ஆனால் அதைச் செய்தவர்கள் வேண்டுமென்றே இழுபடலை நீக்கினார்கள். அதோடு, சிலந்தி வித்தை இன்னும் கைவராத சிறுவன் மைல்ஸும் அனுபவசாலியான பீட்டரும் காட்டில் நூல் பிடித்து ஊசலாடும் காட்சியில், பீட்டருக்கு விநாடிக்கு 24 நிலைகள், மைல்ஸுக்கு 12 மட்டும் கொடுத்தார்கள். ஒரே திரையில் இருவர்: ஒருவன் வழுக்கிக்கொண்டு போகிறான், மற்றவன் தட்டுத்தடுமாறிப் பின்தொடர்கிறான். பையன் தேறியபின் அவனுக்கும் 24 கிடைக்கிறது. பார்க்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் காரணம் தெரியாது; தடுமாற்றம் மட்டும் மனத்தில் பதியும். இந்தப் படத்தை "வெட்டுகிறது" என்று ஒரு நண்பர் குறை சொன்னால் அவர் பார்த்தது சரி, தீர்ப்புத்தான் சரியில்லை என்பது என் கட்சி.

அடுத்தது கனம். காகிதத்தில் வரைந்த அரக்கனுக்குக் கனம் ஏது? இருந்தும் ஓர் அரக்கன் மலை போலவும் இன்னொருவன் அட்டை போலவும் தோன்றுவதேன்? விடை காலத்தில் இருக்கிறது. கைவிடப்பட்ட பொருள் சம கால இடைவெளிகளில் விழும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடும் என்று கலிலியோ காட்டினார். விநாடிக்கு 12 ஓவியம் என்றால் அடுத்தடுத்த ஓவியங்களில் பந்து 3.4 செ.மீ., 10.2 செ.மீ., 17 செ.மீ., 23.8 செ.மீ. என்று இறங்க வேண்டும். சம தூரமாக இறங்கும்படி வரைந்துவிட்டால் பந்து விழுவதாகத் தோன்றாது. யாரோ கயிறு கட்டி இறக்குவதாகத் தோன்றும். கலிலியோவைப் படிக்காத குழந்தைகூட "இது சரியில்லை" என்று சொல்லிவிடும்.

அரக்கனின் நடைக்கும் இதே ஈர்ப்புத்தான் எஜமான். நடக்கும்போது கால் ஏறக்குறைய ஓர் ஊசலைப் போல் ஆடுகிறது. ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பது நீங்கள் செய்முறை வகுப்பில் கண்டதுதான். நம்மைப் போல் 10 மடங்கு உயர்ந்த அரக்கன் ஓரடி வைக்க நம்மைவிட சுமார் 3.2 மடங்கு நேரம் எடுத்துக்கொள்வான். நமக்கு அரை விநாடி என்றால் அவனுக்கு 1.6 விநாடி, அதாவது 38 பிரேம். ஓவியர் 12 பிரேமில் அவனை அடியெடுத்து வைக்கச் செய்தால், எவ்வளவு பெரிதாக வரைந்தாலும் மூளை அவனை நம் உயரத்துக்கு இறக்கிவிடும். மூன்றாம் நண்பர் சொன்ன அட்டைப் பொம்மையின் ரகசியம் இதுவே. சிறிய மாதிரிக் கட்டடத்தை இடித்துப் பெரிய கட்டடமாகக் காட்டுபவர்களும் இதே கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள். 1/16 அளவு மாதிரி என்றால் காமிராவை 4 மடங்கு வேகத்தில், விநாடிக்கு 96 பிரேம் வீதம் ஓட்டிப் படம் பிடித்து, 24 வீதம் திரையிடுவார்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் படத்தை ஓடவிட்டு ஆங்கில 'இ' எழுத்தின் விசையை அழுத்தினால், ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு பிரேம் நகரும். காமிரா நகராமல் நிற்கின்ற ஒரு குதிக்கும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். திரையில் கதாபாத்திரத்தின் உயரம் 12 செ.மீ. என்றும், கதைப்படி அவன் உயரம் 160 செ.மீ. என்றும் கொள்வோம். அவன் 4.5 செ.மீ. எழும்பினால் உண்மையில் 60 செ.மீ. எழும்பியதாகப் பொருள். பூமியில் 60 செ.மீ. குதிப்பவன் 0.7 விநாடி, அதாவது 17 பிரேம் அந்தரத்தில் இருப்பான். கால் தரையை விட்ட பிரேமிலிருந்து மீண்டும் தொட்ட பிரேம் வரை எண்ணுங்கள். 8 என்று வந்தால், அத்தனை நேரத்தில் பூமியில் எழும்பக்கூடிய உயரம் 13 அல்லது 14 செ.மீ.தான். ஆக நம் கதாநாயகன் சின்னப் பொம்மையாகிவிட்டான்! ஆனால் ஒரு வேண்டுகோள்: முதல் முறை படம் பார்க்கும்போது இதைச் செய்யாதீர்கள். நண்பர்கள் உங்களை எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கணக்குக்கு ஒத்து வராத படமெல்லாம் மட்டமானது என்று நினைத்துவிட வேண்டாம். 1949-இல் சக் ஜோன்ஸ் தொடங்கிய ரோடு ரன்னர் படங்களில் ஓநாய் போன்ற அந்தக் கயோட்டி மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் ஓடும், நிற்கும், கீழே பார்க்கும், பிறகு செங்குத்தாக விழும். உண்மையில் அது விளிம்பைத் தாண்டியவுடனே பரவளையப் பாதையில் விழத் தொடங்க வேண்டும். நாம் ஏன் அதை ஏற்றுச் சிரிக்கிறோம்? ஓடிக்கொண்டே கையிலுள்ள பந்தை நழுவவிட்டால் அது எங்கே விழும் என்று மைக்கேல் மெக்ளாஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களைக் கேட்டார். கணிசமானவர்கள் "நேர் கீழே" என்றார்கள். அவர் இதுபற்றி 1983-இல் எழுதிய கட்டுரை இன்றும் ஆசிரியர்களிடையே பேசப்படுகிறது. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் 1 மீட்டர் உயரத்திலிருந்து நழுவவிடும் பந்து 2 மீட்டருக்கு மேல் முன்னால் போய்த்தான் விழும். இந்த விஷயத்தில் கயோட்டியின் உலகமும் நம் மனம் கற்பித்துக்கொண்ட உலகமும் ஒன்றாக இருக்கின்றன. அந்தப் படங்கள் இயற்கை விதியை மீறுகின்றன, ஆனால் தாமே வகுத்த விதியை மீறுவதில்லை. ஒரே படத்தில் ஓரிடத்தில் பூமியின் ஈர்ப்பும் மறு இடத்தில் சந்திரனின் ஈர்ப்பும் காரணமில்லாமல் மாறி மாறி வந்தால்தான் அதைக் குறை என்பேன்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. தமிழில் 2014-இல் வந்த 'கோச்சடையான்' நடிகர்களின் உடல் அசைவைக் கருவிகளால் பதிவு செய்து உருவாக்கப்பட்டது. அசைவின் மூலம் உண்மை மனிதர்களே. இருந்தும் முகங்கள் பொம்மை போல் இருக்கின்றன என்று பலர் குறைப்பட்டார்கள். கை கால் வீச்சுக்கு ஊசல் கணக்கு உதவும். ஒரு கண்ணிமை தயங்கித் தாழ்வதற்கு அப்படி ஒரு சூத்திரம் இல்லை. அங்கே நண்பர்களின் விவாதம் தாராளமாக நடக்கட்டும்.

கடைசியாக, விவாதம் தொடங்குமுன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இருவரும் பார்த்தது ஒரே படத்தைத்தானா? நம் நாட்டுத் தொலைக்காட்சி விநாடிக்கு 25 பிரேம் என்ற கணக்கில் அமைந்தது. 24 பிரேம் படத்தை அப்படியே அதில் ஓட்டினால் 83 நிமிடப் படம் 80 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பாத்திரங்கள் 4 சதவீதம் சுறுசுறுப்பாகிவிடுவார்கள். இதைவிடப் பெரிய மாறுதல் இன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் நடக்கிறது. பல பெட்டிகள் இரண்டு பிரேம்களுக்கு நடுவே இல்லாத பிரேம்களைத் தாமே கற்பித்துச் செருகுகின்றன. கிரிக்கெட் ஆட்டத்துக்கு அது நன்றாக இருக்கலாம். விநாடிக்கு 12 ஓவியமாகத் திட்டமிட்டு வரைந்த படத்திலோ, மைல்ஸின் தடுமாற்றத்தை அது மழுங்கடித்துவிடும். வேகமான இடங்களில் கோடுகள் நெளிந்து கலங்கும். ஒருவர் கணிப்பொறியில் பார்த்துவிட்டு "வெட்டுகிறது" என்றும், மற்றவர் இத்தகைய பெட்டியில் பார்த்துவிட்டு "வழவழப்பு" என்றும் சொன்னால் இருவர் சொன்னதும் மெய்தான். பெட்டியின் பட அமைப்புப் பட்டியலில் 'மோஷன்' என்ற சொல் வரும் பெயரில் பெரும்பாலும் இந்த வசதி இருக்கும். அதை அணைத்துவிட்டு, அதே காட்சியை இருவரும் சேர்ந்து இன்னொரு முறை பாருங்கள்.