எச்சரிக்கைகள் யாவும் ஆபத்தின் அறிகுறிகள் அல்ல

மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக் கொண்டது. விண்டோஸ் 11, ஓரளவு புதிய கணினிகளுக்கே உரியது. எனவே, பழைய கணினியை வைத்திருப்போரில் பலர் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தையும் அதற்குரிய மென்பொருள்களையும் நாட வேண்டியவர்களாகின்றனர். ஹட்டன், நுவரெலியா பகுதிகளில் தோட்டத்து வருமானத்தில் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு இன்னொரு கணினி வாங்குவது இலகுவான காரியமன்று.

இவ்வாறு புதிதாக நிறுவிய மென்பொருளை முதன்முதலாக இயக்கும்போது, 'வோர்னிங்' என்ற சொல்லுடன் சில ஆங்கில வரிகள் திரையில் தோன்றுவதுண்டு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதற்கிணங்க, கணினி பழுதாகிவிட்டதென அஞ்சி மென்பொருளையே அகற்றிவிடுவோர் உளர். வாடகை வாகனத்தில் நகரத்துக்கு எடுத்துச் சென்று பணம் செலவிடுவோரும் உளர். பெரும்பாலான வேளைகளில் இவ்விரண்டுக்கும் அவசியமில்லை.

கணினிகள் தமது செய்திகளைத் தரம் பிரித்தே எழுதுகின்றன. 1980களில் எரிக் ஓல்மன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய 'சிஸ்லொக்' முறையில் 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் உள்ளன. 0 என்பது இயங்குதளமே செயலிழந்த அவசரநிலை; 3 என்பது பிழை; 4 என்பதே எச்சரிக்கை. லினக்ஸ் இன்றும் இவ்வரிசையையே பின்பற்றுகிறது. பிழை என்பது ஒரு வேலை நடைபெறவில்லை என்பதாகும். எச்சரிக்கையோ, ஒரு குறை தென்பட்டது என்பதை அறிவிப்பது. வேலை பெரும்பாலும் தொடர்ந்து நடைபெறும்.

முதல் தடவை மட்டும் இது தோன்றுவதேன்? தோட்டத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் முதல் நாள் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது செக்ரோலில் அவர் பெயர் இருக்காது. கணக்கப்பிள்ளை பெயரைத் தேடுகிறார், இல்லையென்கிறார், பின்னர் பதிந்துகொள்கிறார். மறுநாள் அந்தப் பேச்சே எழுவதில்லை. மென்பொருளும் அவ்வாறே. பாவனையாளரின் விருப்பத் தெரிவுகளைச் சேமித்த கோப்பைத் தேடுகிறது. காணாதபோது அதனை அறிவித்துவிட்டு, புதிய கோப்பைத் தானே உருவாக்கிக்கொள்கிறது.

வேறு சில வரிகள் துணைப் பகுதியொன்று இல்லாமையைக் குறிப்பவை. லினக்ஸில் அடிக்கடி காணப்படும் 'கன்பெரா' பகுதியை ஏற்ற முடியவில்லை என்ற செய்தி இதற்கு நல்ல உதாரணம். அப்பகுதி, பொத்தான்களை அழுத்தும்போது எழும் ஒலி போன்றவற்றுக்கானது. அது இல்லாவிடினும் கடிதமும் எழுதலாம், கணக்கும் பார்க்கலாம்.

ஆயினும் எல்லாவற்றையும் வாசியாமலே 'ஓகே' அழுத்தும் பழக்கம் அச்சத்தைவிட ஆபத்தானது. புலி வருகிறதென்று பொய் சொன்ன சிறுவனின் கதையில், இறுதியில் புலி வந்ததை மறந்துவிடலாகாது. வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரு கோப்பைத் தடுக்கும்போதும், ஹாட் டிஸ்க் பழுதடையக்கூடும் என்ற செய்தி வரும்போதும் உடனே நிற்க வேண்டும். பின்னைய நிலையில் முக்கிய கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுப்பதே முதல் வேலை. வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு நிறுவுமாறு கூறும் திருட்டுப் பிரதிகளைத் தொடவே கூடாது. வெளியீட்டாளர் அறியப்படாதவர் என விண்டோஸ் தெரிவித்தால், அம்மென்பொருள் அதன் உரிய இணையத்தளத்திலிருந்து பெறப்பட்டதா என்பதை உறுதிசெய்த பின்னரே தொடர வேண்டும்.

வேறுபடுத்தி அறிவதற்கு மூன்று கேள்விகள் போதும். மென்பொருள் திறந்து வேலை செய்கிறதா? அடுத்த முறை இயக்கும்போதும் அதே செய்தி வருகிறதா? அது கோப்புகளின் இழப்பையோ பாதுகாப்பையோ பற்றிப் பேசுகிறதா? முதலாவதற்கு ஆம் என்றும் மூன்றாவதற்கு இல்லை என்றும் விடை வந்தால் அஞ்சத் தேவையில்லை. மீண்டும் மீண்டும் வருமாயின், அவ்வரியை அப்படியே எழுதிவைத்து, விடயமறிந்தவரிடம் காட்டலாம்.

உண்மையில் இங்கு தடையாக நிற்பது கணினியன்று, மொழியே. லிப்ரே ஒபிஸ், பயர்பொக்ஸ் போன்றவற்றைத் தமிழிலேயே பயன்படுத்த முடியும் என்பது பலருக்குத் தெரியாது. பாடசாலைகளில் தட்டச்சைக் கற்பிப்பதோடு நில்லாமல், திரையில் தோன்றும் செய்தியை வாசித்துப் பொருள் கொள்ளவும் கற்பிக்க வேண்டும். தமது வீட்டுக் கணினி என்ன சொல்கிறது என்பதை விளங்கிக்கொள்ளும் மாணவர், ஒவ்வொரு வரிக்கும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.