ஒரே பானையில் இரண்டு நிறம்!

மாணவர்களே! புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தன்னவாசலைச் சுற்றியுள்ள பொட்டல்களில் கல்வட்டங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவை இரும்புக் கால மக்களின் ஈமச் சின்னங்கள். இத்தகைய இடங்களில் கிடைக்கும் பானை ஓடுகளில் ஒரு விந்தை உண்டு. உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பு. வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பு. இதற்குக் கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் என்று பெயர். 2023இல் பொற்பனைக்கோட்டையில் நடந்த அகழாய்விலும் இவ்வகை ஓடுகள் கிடைத்தன.

இரண்டு சாயம் பூசினார்களா? இல்லை. நிறம் தந்தது நெருப்பு.

களிமண் சுமார் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகும்போது அதன் தாதுக்களில் பிணைந்துள்ள நீர் வெளியேறிவிடுகிறது. பிறகு எவ்வளவு நனைந்தாலும் அது சேறாகாது. ஈராயிரம் ஆண்டுகள் புதைந்திருந்தும் ஓடு கரையாததன் காரணம் இதுவே.

இனி நிறம். நம் மண்ணில் இரும்பு கலந்திருக்கிறது. சுடும்போது காற்று தாராளமாகப் பட்டால் அந்த இரும்பு ஃபெரிக் ஆக்சைடாகிறது. அது துருவைப் போலச் சிவப்பு. காற்றுக் குறைந்தால் நெருப்பில் கார்பன் மோனாக்சைடு உண்டாகி, இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பறிக்கிறது. கரும் மாக்னடைட் தோன்றுகிறது. புகைக்கரியும் நுண்துளைகளில் படிகிறது. பானைக்குள் வைக்கோல், உமி முதலியவற்றை அடைத்து, வாய் சாம்பலில் புதையும்படி கவிழ்த்துச் சுட்டால் உள்ளே கறுக்கும், வெளியே சிவக்கும். இருமுறை சுட்டிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. எவ்வாறாயினும் அடிப்படை ஒன்றே.

இதே வேதியியல் கடல் கடந்தும் வேலை செய்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பகுதியில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மிம்ப்ரஸ் மக்கள், வெண்கிண்ணங்களில் இரும்பு கலந்த வண்ணத்தால் மீன், முயல், பறவை ஆகியவற்றை வரைந்தார்கள். காற்றுக் குறைந்தால் கோடுகள் கறுப்பு. மிகுந்தால் அதே கோடுகள் சிவப்பு! இறந்தவரைப் புதைக்கும்போது கிண்ணத்தின் அடியில் துளையிட்டு அவர் முகத்தின்மேல் கவிழ்த்தார்கள்.

ஆனால் 1960, 70களில் அக்கிண்ணங்களை விற்பதற்காக மண்வாரி இயந்திரங்களைக் கொண்டு அவ்வூர்களைத் தோண்டினார்கள். கிண்ணங்கள் விலைபோயின, அவற்றோடு கிடந்த வரலாறு நொறுங்கிப் போயிற்று.

ஓர் ஓடு எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பதில்தான் அதன் காலத்தை அறியும் குறிப்பு இருக்கிறது. கையில் எடுத்துவிட்டால் அக்குறிப்பு அழிந்துவிடும். ஆகவே கல்வட்டத்தில் ஓட்டைக் கண்டால் எடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே நன்றாகப் பாருங்கள், படம் வரையுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது எங்கே கறுத்திருக்கிறது, எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்தால், அன்று சூளையில் காற்று புகுந்த வழி உங்களுக்கே புலப்படும்.