தம்புராவும் மின்னொலியும்

பாட்டில்லாமல், தாளமில்லாமல், ஒலியே காற்றைப்போலச் சூழ்ந்து நிற்கும் மின்னணு இசையை மேல்நாட்டுச் சரக்கு என்பர் நம்மவர். சாலைக் கடைத்தெரு வியாபாரியான எனக்கு அது தம்புரா ரீங்காரத்தின் தங்கையாகவே படுகிறது. பிரையன் ஈனோ 1978இல் அதற்குப் பெயர் சூட்டினார். ஆனால் 1946இலேயே, மனத்தை அமைதிப்படுத்தவே இசை என்று நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு உணர்த்தியவர் கீதா சாராபாய். எங்களைப்போலச் சமணக் குடியில் பிறந்தவர். 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் மூக் கருவியை அமைத்தார். கீதா உள்ளிட்ட நம் நாட்டார் அங்கே பதித்த நாடாக்கள் பல வருஷம் முடங்கிக் கிடந்து, பால் பர்காஸ் முயற்சியால் 2023இல் வெளிவந்தன. அன்பர்களே, உங்க வீட்டுப் பரணிலும் பாட்டி பாடின நாடா இருக்கும். பூஞ்சை பிடிக்குமுன் பிரதி எடுங்க. நாலு பேருக்குக் கேட்கக் கொடுங்க.