சோதனை அறிக்கையும் சாட்சியமும்: பெண்களின் பால்வினைத் தொற்றுகள் குறித்து

மகளிர் மார்க்க வகுப்புகளில் ஆலிமாக்களிடம் அடிக்கடி கேட்கப்படும் வினாக்களுள் ஒன்று வெள்ளைப்படுதல் பற்றியது. உளூ முறியுமா, உடை மாற்றித்தான் தொழ வேண்டுமா, நோன்புக்கு ஊறு உண்டா எனக் கேட்பார்கள். தொடர்கசிவு உடையவர் ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் புதிதாக உளூச் செய்து தொழலாம் என்ற விடை கிடைத்ததும் மனநிறைவோடு எழுந்துவிடுவார்கள். அக்கசிவு எதனால் வருகிறது என்ற இரண்டாம் வினா எழுவதில்லை. உடற்சூடு என்று ஒரே சொல்லில் முடித்து, இளநீரும் வெந்தயமும் சொல்லிவிடுவது நம் வீடுகளின் வழக்கம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்துப் பெண்கள் அந்த வினாவுக்கும் விடை பெற்றார்கள். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள், தமக்கு உதிரப்போக்கு நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடலாமா என வினவியபோது, அது மாதவிடாய் அன்று, ஒரு நாளத்திலிருந்து வருவது என நபியவர்கள் விளக்கிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. சட்டம் சொல்லும்போதே காரணமும் பிரித்துக் காட்டப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்சாரிப் பெண்கள் மார்க்கத்தை அறிந்துகொள்ள நாணம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதும் இத்தகைய வினாக்களை முன்னிட்டே.

மௌனத்தின் விளைவு என்ன என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரும் சான்று உண்டு. மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தின் இரண்டு சிற்றூர்களில் மருத்துவர் ராணி பங்கும் அவருடைய குழுவினரும் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989இல் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 92 பேருக்கு ஏதேனும் ஒரு மகப்பேற்றுறுப்பு நோயோ பால்வினை நோயோ இருந்தது. அதற்குமுன் ஒருமுறையேனும் மருத்துவரிடம் உள்ளுறுப்புப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர் மட்டுமே. ஏழைச் சிற்றூர்களின் கதைதானே என்று கடந்து செல்ல இயலாது. படித்த, வசதி படைத்த நம் குடும்பங்களிலும் இரண்டாம் பிரசவத்திற்குப் பின் அத்தகைய பரிசோதனைக்குச் சென்ற பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

பால்வினைத் தொற்றுகளை அறிவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. கொனோரியா என்னும் வெட்டை நோய் தொற்றிய ஆணுக்குச் சில நாள்களிலேயே சிறுநீர்த் தாரையில் எரிச்சலும் சீழும் தோன்றுவது பெரும்பான்மை. பெண்ணுக்கோ அதே கிருமி கருப்பை வாயில் குடியேறி, ஓசையின்றித் தங்கிவிடுகிறது. கிளமிடியா இன்னும் அமைதியானது. தொற்றுற்ற பெண்களில் பத்தில் ஏழு பேரளவுக்கு எந்த அறிகுறியும் இராது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, குணப்படுத்தத்தக்க நான்கு பால்வினைத் தொற்றுகளால் அவ்வாண்டில் மட்டும் 37 கோடியே 40 இலட்சம் புதிய தொற்றுகள் நேர்ந்தன. அவற்றுள் கிளமிடியா 12 கோடியே 90 இலட்சம்.

இதற்கு நேர்மாறாக, கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப்படுதலின் பெரும்பகுதி பால்வினை நோயே அன்று. மாதச் சுழற்சியின் நடுவில் தெளிவாக வரும் கசிவு இயல்பானது. தயிர்த்திரள் போல வந்து கடும் அரிப்புத் தருவது பெரும்பாலும் கேண்டிடா எனும் பூஞ்சை. நீரிழிவு உடையோருக்கும், அண்மையில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டோருக்கும் அது எளிதில் வரும். சாம்பல் நிறத்தில், மீன்வாடையோடு வருவது யோனியின் நன்மை தரும் நுண்ணுயிர்கள் குறைந்து வேறு நுண்ணுயிர்கள் பெருகியதன் அடையாளம். பாக்டீரிய மிகைப்பு எனலாம். நுரைத்த மஞ்சட்பச்சைக் கசிவு டிரைக்கோமோனாஸ் எனும் ஒற்றைச்செல் உயிரியால் வருவது. இதுவே பாலுறவால் பரவும் தொற்று. ஆனால் பாடநூலில் எழுதியபடி உடல் நடந்துகொள்வதில்லை. நிறத்தையும் வாடையையும் மட்டும் வைத்து நோயைப் பெயரிட்ட மருத்துவர் பலமுறை தவறுகிறார்.

தவறாதிருக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. சில ரூபாய் விலையுள்ள அமிலத்தன்மைத் தாள் ஒன்று போதும். கசிவின் பி.ஹெச். அளவு 4.5க்கு மேலிருந்தால் பாக்டீரிய மிகைப்போ டிரைக்கோமோனாஸோ இருக்கக் கூடும். பூஞ்சைத் தொற்றில் அவ்வளவு பெரும்பாலும் உயர்வதில்லை. ஒரு துளிக் கசிவை உப்புநீரில் கலந்து உடனே உருப்பெருக்கியில் நோக்கினால் டிரைக்கோமோனாஸ் துடித்து நீந்துவதைக் காணலாம். உடனே என்பது முக்கியம். ஆறவிட்டால் அவ்வுயிரி அசைவற்றுப் போய்விடும், சோதனை இல்லை என்று சொல்லிவிடும். பரபரப்பான புறநோயாளர் பிரிவுகளில் இந்த ஐந்து நிமிட வேலைக்கு நேரமில்லை என்பதே நம் குறை.

நேரமும் ஆய்வகமும் இல்லாத இடங்களுக்காகவே அறிகுறியைக் கண்டு மருந்தளிக்கும் முறை 1990களில் பல நாடுகளில் பரவியது. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கென வண்ணப் பெட்டிகளை வகுத்தது. கருப்பை வாய்க் கசிவுக்குச் சாம்பல் நிறப் பெட்டி: அசித்ரோமைசினும் செஃபிக்சிமும். யோனிக் கசிவுக்குப் பச்சை: செக்னிடசோலும் ஃபுளுகோனசோலும். அடிவயிற்று வலிக்கு மஞ்சள். பெண் மீண்டும் வரமாட்டாள், சோதனை முடிவுக்குக் காத்திருக்கமாட்டாள் என்ற உண்மையை ஏற்று, வந்த அன்றே மருந்தைக் கையில் கொடுத்த இம்முறை எத்தனையோ பேரைக் காத்தது. ஆண்களின் சீழுக்கும், இருபாலாரின் புண்ணுக்கும் அது நன்றாகவே பயன்பட்டது. பெண்களின் கசிவில்தான் தடுமாறியது. தேவையற்றவர்கள் மருந்துண்டார்கள், தேவைப்பட்ட, அறிகுறியற்ற பெண்கள் மருத்துவமனைக்கே வரவில்லை. கோவாவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வொன்று, வெள்ளைப்படுதல் என்று முறையிடும் பெண்களின் துன்பம் தொற்றைவிட மனச்சோர்வோடும் இல்வாழ்க்கை நெருக்கடியோடும் வலுவாகப் பிணைந்திருப்பதைக் காட்டியது. அத்தகைய பெண்ணுக்குப் பச்சைப் பெட்டி எதைத் தீர்க்கும்?

அமைதியான தொற்றின் விலையோ பெரிது. கருப்பை வாயில் தங்கிய கிளமிடியாவும் கொனோரியாவும் மேலேறிக் கருக்குழாய்களை அழற்சிக்கு உள்ளாக்கி, தழும்பிட்டு அடைத்துவிடலாம். பின்னர்க் கருவுறாமை, அல்லது குழாயிலேயே கரு தங்கி, உயிருக்கு ஆபத்தாகும் நிலை. குழந்தையில்லை என்று மாமியார் வீட்டில் சொல்லடி படும் பெண், தன் கணவனிடமிருந்து பெற்ற நோயின் தழும்பையே சுமந்துகொண்டிருக்கக் கூடும் என்பதை அவ்வீட்டார் எண்ணிப் பார்ப்பதில்லை. சிபிலிஸ் இன்னொரு வகை. அதன் முதற்புண் வலியற்றது, பெண்ணின் உள்ளுறுப்பில் மறைந்து தானே ஆறிவிடும். கர்ப்பக் காலத்தில் அது வயிற்றுப் பிள்ளையைக் கொல்லலாம், அல்லது நோயோடு பிறக்கச் செய்யலாம். முதல் கர்ப்பப் பரிசோதனையிலேயே எடுக்கும் இரத்தச் சோதனையும், பென்சத்தீன் பென்சிலின் ஊசியும் அதைத் தடுக்க வல்லவை. ‘எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் சோதனை எதற்கு’ என்று முகம் சுளிப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இனி நாணத்தின் வாதத்திற்கு வருவோம். ஆண் மருத்துவர் முன் எப்படி என்பது உண்மையான தயக்கம். அதை நாம் எள்ளவில்லை. பத்தாம் நூற்றாண்டு அந்தலூசிய அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி (ரஹ்), பெண்களுக்குக் கல்லகற்றும் சிகிச்சையைப் பயிற்சி பெற்ற மருத்துவச்சி செய்ய, மருத்துவர் நெறிப்படுத்தலாம் என்று வழி கண்டார். 1993இல் புருணையில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம் வரிசையை வகுத்தது: முஸ்லிம் பெண் மருத்துவர், இல்லையேல் நம்பத்தக்க முஸ்லிமல்லாத பெண் மருத்துவர், அடுத்து முஸ்லிம் ஆண் மருத்துவர், அவருமில்லையேல் முஸ்லிமல்லாத ஆண் மருத்துவர். தேவையான அளவே பார்வை, தனித்திருத்தல் கூடாது என்பன நிபந்தனைகள். வைத்தியத்தைக் கைவிடுவது என்பது இவ்வரிசையில் எங்கும் இல்லை. அறிவியலும் இப்போது ஒரு வாயிலைத் திறந்துள்ளது. கிருமியின் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் கண்டறியும் சோதனைக்கு, பெண் மறைப்புக்குள் நின்று தன் கையாலேயே பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துத் தந்தால் போதும். கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் அது மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு நிகராகப் பயன் தருகிறது. அடிவயிற்று வலியோ காய்ச்சலோ உள்ளவருக்கு மட்டும் நேர்ப்பரிசோதனை தவிர்க்க இயலாதது. செலவுதான் இன்னும் தடையாக உள்ளது. அரசு ஆரம்ப நிலையங்களில் அச்சோதனையை எதிர்பார்க்க இயலாது.

பெயர் தெரிந்தபின் சிகிச்சை கடினமன்று. கிளமிடியாவுக்கு டாக்ஸிசைக்ளின் ஏழு நாள், கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். டிரைக்கோமோனாஸுக்குப் பெண்களுக்கு மெட்ரோனிடசோல் ஏழு நாள். கொனோரியாவுக்கு இன்று நம்பத்தக்கது செஃப்ட்ரையாக்சோன் ஊசியே, ஏனெனில் அக்கிருமி மருந்துகளை ஒவ்வொன்றாக வென்று வருகிறது. மருந்துக்கடையில் பெயர் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கி உண்பது இவ்வெதிர்ப்பை வளர்க்கும் செயல் என்பதால், மருத்துவரின் சீட்டு இல்லாமல் இதில் இறங்கலாகாது.

கடினம் வேறிடத்தில் உள்ளது. மனைவி மட்டும் மருந்துண்டு, கணவன் உண்ணாமல் விட்டால் சில வாரங்களில் தொற்று திரும்பி வந்து நிற்கும். இருவரும் ஒரே காலத்தில் மருந்துண்டு, இருவருக்கும் முடியும்வரை, குறைந்தது ஏழு நாள், உறவைத் தவிர்த்து, மூன்று மாதங்களில் மறுசோதனை செய்வதே முறை. பாக்டீரிய மிகைப்பைப் பால்வினை நோயென்று மருத்துவம் நெடுங்காலம் எண்ணவில்லை. 2025இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, கணவருக்கும் மாத்திரையும் களிம்பும் கொடுத்தபோது பன்னிரண்டு வாரங்களில் அது திரும்பி வருவது நூற்றுக்கு 63 என்பதிலிருந்து 35 ஆகக் குறைந்ததைக் காட்டியது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று கணவர் மறுப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் சிகிச்சை தோற்கும் இடம். சென்னையில் எச்.ஐ.வி.யோடு வந்த பெண்களைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வு, அவர்களுள் பெரும்பாலோர் ஒரே துணையை மட்டும் அறிந்த இல்லத்தரசிகள் என்று கூறியதை அத்தகைய கணவர்கள் படிக்கட்டும்.

இதனினும் கொடியது, அறிக்கை ஆயுதமாவது. மனைவிக்குக் கிளமிடியா என்று சோதனை சொன்னதும், அவள் மீதே ஐயம் எழுகிறது. ஜமாஅத்தில் தாள் காட்டப்பட்டுத் தலாக் கேட்கப்படுவதும் உண்டு. சோதனை எதைச் சொல்ல இயலும்? கிருமி இருக்கிறது என்பதை மட்டுமே. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. கிளமிடியாவும் டிரைக்கோமோனாஸும் மாதக்கணக்கில் அறியப்படாமல் உறையும். அக்கிப்புண் தரும் வைரஸும் பாப்பிலோமா வைரஸும் ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். கேண்டிடாவுக்கோ பிறர் தொடர்பே தேவையில்லை. கணவனின் அறிகுறியற்ற தொற்றை மனைவியின் உடல் முதலில் வெளிக்காட்டுவதும் இயல்பு. இறைமறையின் அந்நூர் அத்தியாயத்தில், கற்புள்ள பெண்கள்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்களுக்கு எண்பது கசையடி விதிக்கப்பட்டுள்ளது. அதே அத்தியாயம்தான் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீதான அவதூறைத் துடைத்தது. ஆய்வகத் தாளை அந்நால்வருள் ஒருவராகக் கொள்ள எந்த ஃபிக்ஹ் நூலிலும் இடமில்லை. சாட்சியின்றி மனைவியைக் குற்றம் சாட்டும் கணவனுக்கு லிஆன் என்ற கடுமையான வழியை அவ்வத்தியாயம் வகுத்தது, ஊகத்தை எளிதாக்குவதற்கன்று.

ஆகவே அத்தகைய தாளோடு வரும் கணவனிடம் ஜமாஅத்தின் பெரியோர் முதலில் கேட்க வேண்டியது, நீங்களும் சோதனை செய்துகொண்டீர்களா என்பதே. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்ற பெயரில் இயங்கும் பிரிவுகளிலும், நம்பிக்கை மையங்களிலும் இருவரும் ஒன்றாகச் சென்று கட்டணமின்றிச் சோதனையும் ஆலோசனையும் பெறலாம். அங்கு சொல்வது வெளியே போகாது. முடிவு இருவருக்கும் வந்து, இருவருக்கும் மருந்து முடிந்து, மூன்று மாதம் கழித்து மறுசோதனையும் ஆன பின்பு இல்வாழ்க்கை பற்றிய பேச்சைத் தொடங்குவது நலம். அதற்குள் பல வழக்குகள் பேச வேண்டியதில்லாமலே போய்விடும்.