பிரதியில் இல்லாத நடிகை: லாரட் டெய்லர்

நாடகத்தை அச்சுப் பிரதியாகவே வாசித்துப் பழகிவிட்ட நமக்கு நடிப்பு என்பது எழுத்துக்குப் பிந்திய சமாச்சாரம். எழுதினவன் முதலில், நடிப்பவள் பிறகு. இந்த வரிசையைக் கலைத்துப் பார்க்க அமெரிக்க மேடை நடிகை லாரட் டெய்லரின் வாழ்க்கை உதவும்.

நியூயார்க்கில் ஐரிஷ் வம்சாவளிக் குடும்பமொன்றில் லொரட்டா கூனியாகப் பிறந்தவர். 'டெய்லர்', மெலோடிராமாக்கள் எழுதித் தள்ளிய முதல் கணவரின் பெயர். இரண்டாவது கணவர் ஹார்ட்லி மானர்ஸும் நாடகாசிரியர்தான். இவருக்காக மானர்ஸ் எழுதிய 'பெக் ஓ மை ஹார்ட்' 1912 டிசம்பரில் கோர்ட் தியேட்டரில் ஆரம்பித்து 600 தடவைக்கு மேல் நடந்தது. பணக்கார ஆங்கில உறவினர் வீட்டுக்கு வந்து சேரும் ஏழை ஐரிஷ் பெண்ணின் கதை. 1922இல் கிங் விடோர் அதை மௌனப் படமாக எடுத்தபோதும், நாற்பதை நெருங்கிவிட்ட லாரட்தான் அந்தச் சின்னப் பெண்.

1928இல் மானர்ஸ் இறந்தார். பிறகு பத்து வருஷம் குடி, மேடையேறியது அபூர்வம். (குடிக்கிற நடிகன் மேதை, குடிக்கிற நடிகை வீணாய்ப்போனவள். இந்த அளவுகோல் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.) 1938இல் 'அவுட்வர்ட் பவுண்ட்' மறுதயாரிப்பில் திரும்பி வந்தார்.

1944 டிசம்பர் 26 அன்று சிகாகோவில் டென்னஸி வில்லியம்ஸின் 'தி கிளாஸ் மெனாஜரி' தொடங்கியது. அமாண்டா என்ற தாயாக லாரட். கூட்டமே இல்லை. 'சிகாகோ ட்ரிப்யூன்' விமர்சகர் கிளாடியா காசிடி விடாமல் எழுதியெழுதித்தான் ஜனங்கள் வந்தார்கள். 1945 மார்ச்சில் நியூயார்க் போன நாடகம் 563 தடவை நடந்தது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. காட்சிகளின்போது திரையில் வாசகங்களும் படங்களும் விழவேண்டுமென்று வில்லியம்ஸ் எழுதியிருந்தார். மேடையில் அது நீக்கப்பட்டது. லாரட்டின் நடிப்பு வலுவுக்கு முன் மேடை எளிமையாக இருப்பதே பொருத்தம் என்று அச்சுப் பிரதியின் தயாரிப்புக் குறிப்பில் அவரே காரணம் சொல்கிறார். அதாவது, ஒரு நடிகையின் உடல் ஆசிரியனின் எழுத்தைத் திருத்தியிருக்கிறது. புத்தகமானபோது திரை மறுபடி உள்ளே வந்துவிட்டது; அவருடைய திருத்தம் குறிப்பில் ஒதுங்கிக்கொண்டது. இன்று பாடமாக வாசிக்கப்படுவது அவர் நடிக்காத நாடகத்தைத்தான்.

லாரட்டின் மௌனப் படங்களும் சிறு சினிமா ஒத்திகைத் துண்டொன்றும் மிச்சமிருக்கின்றன. அமாண்டாவாக அவர் படமாக்கப்படவில்லை. 1946 டிசம்பரில் இறந்துபோனார். 1950இல் ஹாலிவுட் எடுத்த படத்தில் அந்தத் தாய், கெர்ட்ரூட் லாரன்ஸ்.