பழங்கணினியின் உள்ளறைகள்

ஓர் இல்லத்தின் முன்விறாந்தை வருவோர் யாவரும் காண அமைவது. பெட்டகம் இருக்கும் உள்ளறையோ வீட்டார் மட்டுமே புகுவது. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் விறாந்தையிலே கிடப்பதில்லை. கணினியும் இவ்வாறே அமைந்தது. திரையிலே தோன்றும் படக்குறிகளும் ஆவணக் கோப்புறையும் அதன் விறாந்தை எனலாம். இயங்குதளம் தனக்கென வைத்திருக்கும் கோப்புறைகளும், பட்டியலிற் பெயர் காட்டாத சிறு கருவிகளும் அதன் உள்ளறைகள். அவ்வுள்ளறைகளில் இருப்பன யாவை, அவற்றை அறிவதாற் பெறும் பயன் யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டித் தீபகற்பத்திலே, ஒருபால் கடலும் மறுபால் களப்புமாகக் கிடக்கும் நிலத்தில், குறிஞ்சிப்பிட்டி என்னும் ஊர் உளது. அவ்வூர் வீடொன்றில், 2000ஆம் ஆண்டளவில் வாங்கிய கணினி ஒன்று மூலையிலே இருப்பதாகக் கொள்க. உப்புக் காற்று அதன் உலோகத் தொடுகைகளை அரித்துக்கொண்டிருக்கும். வீட்டு மூத்தவர் தட்டெழுதிய கடிதங்களும், சங்கக் கூட்ட அறிக்கைகளும், மாணாக்கர்க்கு எழுதிய பாடக் குறிப்புகளும் அதனுள்ளே உள்ளன. இளையவர் அவற்றைப் புதிய கணினிக்கு நகல் செய்து திறக்கிறார். ஆங்கே தமிழைக் காணோம். ஆங்கில எழுத்துகளே பொருளின்றி நிரைநிரையாக நிற்கின்றன. ஆவணம் பழுதுற்றதெனக் கருதி அதனை அழித்துவிடுவோரும் உளர்.

உண்மையில் ஆவணத்திற் பழுது யாதுமில்லை. அதனைப் படித்தற்குரிய திறவுகோல் பழைய கணினியின் உள்ளறையிலே விடப்பட்டது, அவ்வளவே. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் வந்து தங்கிய மாவட்டம் புத்தளம். ஒருமுறை ஊரையும் உடைமையையும் இழந்தோர் வாழும் நாட்டிலே, அதன்பின் எழுதி வைத்தவற்றையும் அறியாமையால் இழத்தல் பெருங்கேடாகும்.

கணினி தன் கோப்புகளை மறைத்தல் என்பது யாது? கோப்பு ஒவ்வொன்றுக்கும் சில பண்புக் குறிகள் உண்டு. மறைந்தது, இயங்குதளத்துக்கு உரியது, படித்தற்கு மட்டும் உரியது என்பன அவற்றுட் சில. டொஸ் இயங்குதளக் காலந்தொட்டே இவை வழங்கிவருகின்றன. மறைந்தது என்னும் குறி பெற்ற கோப்பு வட்டிலே இருப்பினும் சாதாரணப் பட்டியலிலே தோன்றாது. அது பூட்டன்று, திரைச்சீலையே. இதனை நீக்குதலும் எளிது. விண்டோஸ் 98, எக்ஸ்பி ஆகியவற்றிலே கோப்புறைத் தெரிவுகள் என்னும் பெட்டியைத் திறந்து, மறைந்த கோப்புகளைக் காட்டுக என்னும் தெரிவைக் குறித்தல் போதும். எக்ஸ்பி, பாதுகாக்கப்பட்ட கோப்புகளை மறைத்தற்கு வேறொரு தெரிவையும் உடையது. அதனை நீக்க முயல்வோரை எச்சரித்த பின்னரே அது வழிவிடும்.

இம்மறைப்புக்குக் காரணமும் உண்டு. விண்டோஸ் என்னும் கோப்புறையினுள்ளே, 98இல் சிஸ்டம் என்றும், எக்ஸ்பியில் சிஸ்டம் 32 என்றும் பெயர் பெற்ற கோப்புறையிலே, செயலிகள் பல பொதுவாகப் பயன்படுத்தும் நூலகக் கோப்புகள் உள்ளன. ஒன்றை அழித்தால் அதனைச் சார்ந்த செயலிகள் பலவும் நின்றுபோம். வட்டில் இடம் போதாமையால் பெயர் விளங்காத கோப்புகளைக் குப்பையென நீக்கிக் கணினியே எழாது போகச் செய்தலும் கூடும். ஆதலின், உள்ளறைக்குட் புகுவோர் கொள்ள வேண்டிய முதல் விதி, காண்க, நகல் செய்க, அழிக்கற்க என்பதாம்.

இனி, திறவுகோல் இருக்குமிடத்தை ஆராய்வோம். விண்டோஸ் கோப்புறையினுள்ளே எழுத்துருக்களுக்கென ஒரு கோப்புறை உண்டு. இலங்கையிலே தமிழ்த் தட்டெழுத்துக்குப் பெரிதும் பயன்பட்ட பாமினி என்னும் எழுத்துருவும் அத்தகையன பிறவும் அக்கோப்புறையிலேதான் நிறுவப்பட்டன. இவ்வெழுத்துருக்களின் உபாயம் எளியது. கணினி அறிந்தவை ஆங்கில எழுத்துகளின் எண்களே. அவ்வெழுத்துகளின் வடிவங்களை எடுத்துவிட்டு, அவற்றின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்தனர். எனவே, பாமினியில் எழுதப்பட்ட 'தமிழ்' என்னும் சொல், கணினியின் நினைவிலே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளாகும். அவற்றின் எண்கள் முறையே 106, 107, 112, 111, 59. பாமினி உள்ளவிடத்து அவ்வெண்கள் தமிழாகத் தோன்றும். இல்லாதவிடத்து ஆங்கிலக் குறிகளாகவே தோன்றும். ஆவணக் கோப்பு எழுத்துருவின் பெயரை நினைவிற் கொண்டிருக்குமேயன்றி, தனியே உட்பதித்தாலன்றி, எழுத்துருவைத் தன்னுடன் கொண்டு செல்லாது. இதனாலேயே ஆவணத்தை மட்டும் பெயர்த்தவர் தமிழை இழந்தார்.

இதனை நேரிற் காட்டுங் கருவியும் பழங்கணினியிலேயே உண்டு. ஸ்டார்ட் பட்டியலின் துணைக்கருவிப் பகுதியினுள்ளே ஆழ்ந்து கிடக்கும் 'சார்மப்' என்னும் எழுத்து வரைபடமே அது. அதிலே பாமினியைத் தெரிவுசெய்தால் அதன் வடிவங்கள் அனைத்தும் கட்டங்கட்டமாகத் தோன்றும். எக்ஸ்பியில் 'த' வடிவத்தைத் தொட்டால், கீழே இலத்தீன் சிற்றெழுத்து ஜே என்னும் பெயர் காணப்படும். கண்ணுக்குத் தமிழாக இருப்பது கணினிக்கு இலத்தீனாக இருக்கும் விந்தையை மாணாக்கர் இதனினும் தெளிவாகக் காணும் வழி அரிது.

பட்டியலிலே பெயர் காட்டாத கருவிகளும் உள. 'ரன்' என்னும் பெட்டியிலே பெயரைத் தட்டெழுதியே அவற்றை அழைத்தல் வேண்டும். எக்ஸ்பியில் உள்ள 'யூடிசி எடிற்' அவற்றுள் ஒன்று. எழுத்துருவில் இல்லாத குறியொன்றைப் பயன்படுத்துவோர் தாமே வரைந்துகொள்ள அது உதவும். அவ்வாறு வரைந்தவை எழுத்துருக் கோப்புறையிலே தனிக்கோப்பாகச் சேமிக்கப்படும். அக்கோப்பையும் நகல் செய்யாவிடின் அக்குறிகள் புதிய கணினியில் வெற்றுக் கட்டங்களாகும். 'ரெஜெடிற்' என்பது இயங்குதளத்தின் பதிவேட்டைத் திறப்பது. அது பயன் மிக்கதாயினும், பிழையான மாற்றம் ஒன்றே கணினியை முடக்க வல்லதாகலின், அறியாதார் தீண்டத் தகாதது. விண்டோஸ் 98 இப்பதிவேட்டின் ஐந்து நகல்களை மறைந்த கோப்புறை ஒன்றிலே தானே பேணிவரும். பழங்கணினி எழ மறுக்குமிடத்து, டொஸ் நிலையிலே 'ஸ்கான்ரெஜ்' என்னுங் கருவியால் அவற்றுள் ஒன்றை மீட்டுக்கொள்ளலாம். மறைத்தல் பயன்படுத்துவோர்க்கு எதிரானதன்று, அவர்க்குக் காவலானதே என்பதற்கு இதுவே சான்று.

எழுத்துருவை நகல் செய்து புதிய கணினியில் நிறுவினால் ஆவணங்கள் மீண்டும் தமிழாகத் தோன்றும். ஆயினும் இஃது இடைக்காலப் பரிகாரமே. தேடற் பெட்டியிலே 'கொழும்பு' என யூனிகோட் முறையில் எழுதித் தேடினால், பாமினியில் எழுதப்பட்ட கொழும்பு அகப்படாது. ஏனெனில், அங்கே கொழும்பு என்னுஞ் சொல்லே இல்லை. எண்கள் சிலவே உள. நிலையான வழி யூனிகோட் முறைக்கு மாற்றுதலாகும். 1991இல் வெளிவந்த அம்முறையின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. அதிலே 'தமிழ்' என்னுஞ் சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் எண்களைப் பெறும். இவை வேறெம்மொழிக்கும் உரியனவல்ல. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000 லதா என்னும் எழுத்துருவுடன் இம்முறைத் தமிழை ஆதரித்தது. விண்டோஸ் 98 அத்தகைய வசதியின்றியே வந்தது. 98இன் ஆவணங்கள் பாமினி போன்றவற்றிலே தங்கியமைக்குக் காரணமும் இதுவே.

மாற்றுதல் வெறும் எண்ணுக்கு எண் வைத்தலன்று. பாமினி கண்ணால் காணும் வரிசையைப் பின்பற்றுவது. 'கொ' என எழுத முதலிற் கொம்பும், பின் ககரமும், அதன்பின் காலும் தட்டப்படும். யூனிகோட் ஒலிக்கும் வரிசையைப் பின்பற்றுவது. ககரம் முன்னும் ஒகர உயிர்க்குறி பின்னும் நிற்கும். பொங்குதமிழ் போன்ற மாற்றிச் செயலிகள் இவ்வரிசையைத் தாமே திருத்தித் தருவன. எனினும் ஓர் இடர் உண்டு. ஆவணத்தின் இடையே உண்மையான ஆங்கிலப் பெயரோ முகவரியோ இருப்பின், எழுத்துருக் குறிப்பு நீங்கிய வெற்றுரையிலே அதனைப் பாமினியினின்றும் வேறுபிரித்தறியச் செயலியால் இயலாது. அதனையும் தமிழென எண்ணிப் பிழையாக மாற்றிவிடும். ஆதலின் மாற்றிய பின் மூலத்தோடு ஒப்புநோக்குதலும், மூலக்கோப்பை எழுத்துருவுடன் சேர்த்துப் பேணுதலும் இன்றியமையாதன.

செயன்முறையைத் தொகுத்துக் கூறின், அது வருமாறு: பழங்கணினி எழுமாயின், எதனையும் மாற்றுமுன் ஆவணங்களையும் எழுத்துருக் கோப்புறை முழுவதையும் வேறோரிடத்திற்கு நகல் செய்க. எழாதாயின், அதன் வன்வட்டைக் கழற்றி, உரிய இணைப்பி ஒன்றினால் வேறு கணினியோடு பூட்டினும் அக்கோப்புறைகள் அவ்விடத்திலேயே காணப்படும். விண்டோஸ் 98க்கான ஆதரவு 2006இலும், எக்ஸ்பிக்கான ஆதரவு 2014இலும் முடிவுற்றன. ஆதலின் அத்தகைய கணினியை இணையத்தோடு இணையாது விடுதலே பாதுகாப்பு.

இத்தகைய பணி தமிழுக்குப் புதிதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி, பிரதிகளை ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தினரும் தம் மின்னூல்களைப் பழைய குறியீடுகளினின்றும் யூனிகோட்டிற்குப் பெயர்த்து இன்றுள்ளோர்க்கு உதவினர். முன்னதில் ஓலை நைந்தது. பின்னதில் குறியீடு வழக்கொழிந்தது. இரண்டிலும் நூலைக் காத்தது பெயர்த்தெழுதும் பொறுமையே.

பெரியோர் நூல்களைக் காத்தற்குப் பெரியோர் உளர். குறிஞ்சிப்பிட்டி போன்ற ஊர்களின் சங்க அறிக்கையையும் தந்தையின் கடிதத்தையும் காத்தற்கு அவ்வவ் வீட்டாரையன்றி வேறு யாவர் உளர்? அவற்றின் திறவுகோல் அருமையான இடத்திலில்லை. திரைச்சீலைக்குப் பின்னே உள்ள கோப்புறை ஒன்றிலேயே உளது. கடற்காற்று அவ்வட்டை உண்ணுமுன் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குதல் கற்றார்க்குக் கடனாகும்.