எழும்பூரில் இறங்கியதும் எங்கே சாப்பிடுவது?

நம் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது சென்னைக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். இன்டர்வியூ, அப்ரண்டிஸ், தரமணியில் சான்றிதழ் சரிபார்ப்பு என்று ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். இன்டர்வியூவில் எப்படிப் பேச வேண்டும், ஃபைலை எப்படி அடுக்க வேண்டும் என்று சொல்லித்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து வருகிற ராத்திரி ரயிலில் ஏறி, விடியும்போது எழும்பூரில் இறங்கி, முகம் கழுவி வெளியே வந்து நின்றதும் மனதில் வருகிற முதல் கேள்வி "எங்க சாப்பிடுறது, எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அதனால் இந்த மலரில் எழுதுகிறேன்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிரிக்க வேண்டாம். எங்களுக்கு முந்தின செட்டில் ஓர் அண்ணன் கிண்டிக்கு இன்டர்வியூ போனார். ஸ்டேஷன் எதிரே கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாராம். உள்ளே போய் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். ஒரு டீ, ஒரு பன் அவ்வளவுதான். எழுத்துத் தேர்வில் பாஸ். பிராக்டிகலுக்குக் கூப்பிட்டது மத்தியானம் 2 மணிக்கு மேல். வெர்னியர் காலிப்பரைப் பிடித்தபோது கை நடுங்கியதாம். "ரீடிங் எடுக்கத் தெரியாம இல்லடா, பசி" என்றார். வேலை கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். ஆனால் சென்னையில் சாப்பிடுவதைப் பொறுத்தவரை எனக்கு வாத்தியார் எங்கப்பாதான். கொத்தனார் வேலைக்காகப் பல வருடம் சென்னைக்குப் போய்வந்தவர். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே போர்டைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார். நான் முதல் தடவை கிளம்பும்போது, "தம்பி, ஆட்டோக்காரவுக வண்டிய நிறுத்திட்டு எங்க நின்னு திங்கிறாகளோ, அங்க போயி நில்லு. வெலய அவுகளே கேட்டு வச்சிருப்பாக" என்றார். யோசித்துப் பார்த்தால் இதில் பெரிய கணக்கே இருக்கிறது.

எழும்பூர் ஸ்டேஷன் கட்டடம் 1908-ல் திறக்கப்பட்டது. அன்றைய தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் ரயில்கள் வந்து நின்ற இடம் அது. திருச்சி, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி என்று தெற்கத்தி ஜனம் மொத்தமும் இறங்கியது அங்கேதான். அதனால் எதிரே காந்தி இர்வின் சாலையிலும் கென்னத் சந்திலும் லாட்ஜுகளும் ஓட்டல்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றில் பல நம்மைப் போன்ற வழிப்போக்கர்களை நம்பி இருப்பவை. இன்றைக்குச் சாப்பிட்டவன் நாளைக்கு வரப்போவதில்லை என்று கடைக்காரருக்குத் தெரியும். ஆட்டோக்காரரோ, போர்ட்டரோ, லாட்ஜ் பையனோ தினம் வருகிறவர்கள். ஒரு நாள் சாம்பார் புளித்தால் மறுநாள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் நிற்கிற கடையில் மாவு வேகமாகத் தீரும், இட்லிக் கொப்பரை அடுப்பை விட்டு இறங்காது. நம் கண்முன்னே ஆவியில் வெந்து இறங்குகிற இட்லியால் வயிறு கெடுவது அபூர்வம். கெடுப்பது பெரும்பாலும் நேரமான தேங்காய்ச் சட்னிதான். வெயில் ஏறிவிட்டால் சட்னியை விட்டுவிட்டுச் சாம்பாரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்று. எழும்பூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செட்டிநாடு, மதுரை என்றுதான் போர்டு. திருமயம், அரிமளம் பக்கத்து ஆள் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் ரயிலில் போய் இறங்கி, நம் ஊர்க் குழம்பையே மூன்று மடங்கு விலை கொடுத்துச் சாப்பிடுவதில் என்ன இருக்கிறது? அதற்காகப் பெரிய சைவ ஓட்டல்களைக் குறை சொல்ல மாட்டேன். உட்கார இடம், சுத்தமான பாத்ரூம், தலைசீவக் கண்ணாடி எல்லாம் அங்கேதான் கிடைக்கும். இன்டர்வியூ அன்று காலையில் ஒரு காபிக்காவது உள்ளே போய் வரலாம். விலைப்பட்டியல் சுவரில் இருக்கும், இல்லாவிட்டால் கேட்கலாம். கேட்டதற்காக யாரும் நம்மை வெளியே தள்ளப்போவதில்லை.

சரி, சென்னைக்காரர்கள் என்னதான் சாப்பிடுகிறார்கள்?

காலையில் ரோட்டோரத்தில் தள்ளுவண்டியில் பெரிய பானையோடு ஓர் அம்மா நின்றால் அது கூழ் வண்டி. நம் பக்கம் கம்பங்கூழ் மாதிரிதான். அங்கே கேழ்வரகு மாவும் அரிசி நொய்யும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்துவிடுவார்கள். மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய், சில வண்டியில் கருவாடும் உண்டு. ஒரு சொம்பு குடித்தால் மத்தியானம் வரை தாங்கும். ஆனால் இன்டர்வியூவுக்கு முன்னால் கருவாடு வேண்டாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை!

நின்றுகொண்டே தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிடுகிற வண்டிக் கடைகளுக்குச் சென்னையில் 'கையேந்தி பவன்' என்று பெயர். அப்பா இத்தனை வருடத்தில் மேஜை போட்ட ஓட்டலுக்குள் போனது இரண்டே தடவைதானாம். மற்ற நாளெல்லாம் கையேந்தி பவன்தான்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என்றால் நடக்கிற தூரம் என்றுதான் நினைக்கிறோம். சென்னையில் அப்படி நினைக்க வேண்டியதில்லை. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. அந்தப் பாதை எழும்பூர் வழியாகத்தான் போகிறது. குறைந்த டிக்கெட் 5 ரூபாய். ஆகவே என் கணக்கில், பக்கம் என்பது 5 ரூபாய் டிக்கெட்டில் போகிற தூரம்.

வடக்கே அடுத்த ஸ்டேஷன் பார்க். இறங்கினால் சென்ட்ரல் ஸ்டேஷனும் அரசு பொது மருத்துவமனையும். மருத்துவமனை வளாகத்தில் அம்மா உணவகம் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி இந்த உணவகங்களைத் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். நான் போனபோதும் இட்லி அதே 1 ரூபாய்தான். சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் பலரும் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். கையில் தூக்குவாளி, எக்ஸ்ரே கவர். அங்கே விலை கேட்கிற கூச்சமே கிடையாது. ருசி ஒன்றும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சூடாக இருந்தது, நான்கு இட்லியில் வயிறு அடங்கியது.

தெற்கே போகிறவர்கள், அதாவது கிண்டி தொழிற்பேட்டைக்கு இன்டர்வியூ போகிறவர்கள், ஒரு ஸ்டேஷன் முன்னால் சைதாப்பேட்டையில் இறங்குங்கள். அங்கே வடகறி பிரசித்தம். வடகறி என்றால் மாரி ஓட்டல் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். கடலைப்பருப்பை ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, வடையாக்கி, உதிர்த்து, சோம்பு, பட்டை, கிராம்பு மணக்கிற வெங்காயம் தக்காளி மசாலாவில் கொதிக்க விடுவது. மிச்சமான வடையை வீணாக்காமல் இருக்கக் கண்டுபிடித்தது என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். இட்லி, தோசை, இடியாப்பம் எதற்கும் பொருந்தும். பருப்பு ஆனதால் சீக்கிரம் பசிக்காது. 2 மணி வரை காத்திருக்க வேண்டியவனுக்கு இதைவிட நல்ல டிபன் எனக்குத் தெரியவில்லை. அந்த அண்ணனுக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்கலாம்.

திருவல்லிக்கேணி இந்தப் பாதையில் இல்லை. பறக்கும் ரயிலிலோ பஸ்ஸிலோ போகலாம். வேலை தேடி வந்த வெளியூர்ப் பையன்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்குகிற மேன்ஷன்கள் அங்கேதான் இருக்கின்றன, அவர்களை நம்பி நடக்கிற மெஸ்களும் உண்டு. 1948-லிருந்து இருக்கிற ரத்னா கபேயில் இட்லியைச் சாம்பாரில் முழுக அடித்துத் தருவார்கள். முதல் சம்பளம் வாங்கினால் போய்வரலாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்தது. வேலை முடிந்து ராத்திரி ரயிலுக்கு நேரம் இருந்தால் பீச் ஸ்டேஷனுக்குப் போங்கள். எதிர்ப்பக்கம் செகண்ட் லைன் பீச்சில் சாயங்காலமானால் அத்தோ கடைகள். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டபின் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறித் திரும்பி வந்தார்கள். பிழைப்புக்காக அவர்கள் போட்ட கடைகள்தான் 1969-ல் வந்த பர்மா பஜார். அவர்கள் கூடவே கொண்டுவந்த சாப்பாடு அத்தோ. பர்மிய மொழியில் கலந்து பிசைந்தது என்று அர்த்தம். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். நம் மாவட்டத்திலிருந்தும் பர்மாவுக்குப் போனவர்கள் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் நிற்கிற தேக்குத்தூண்கள் அங்கிருந்து வந்தவைதான். எங்கள் அப்பத்தாவிடம் அத்தோ பற்றிச் சொன்னதும், "ரங்கூன்காரவுக வீட்டுல புளித்தண்ணிய ஊத்திப் பெசஞ்சு திம்பாகளே, அதா?" என்று கேட்டது.

அங்கே உட்கார இடம் கிடைக்காது. பூண்டு எண்ணெய் சட்டையில் சொட்டினால் மஞ்சளாகப் பிடித்துக்கொள்ளும், துவைத்தாலும் போகாது. இன்டர்வியூ சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பனியனோடு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள்.